மின்சார காரில் வெளியூர்ப் பயணம்: நம்பகமான சார்ஜிங் ஸ்டேஷனைக் கண்டறிவது எப்படி?

மின்சார கார் வைத்திருப்பவர்களிடம் விசாரித்தால் ஊருக்குள் ஓட்டுவதில் ஒரு குறையும் சொல்ல மாட்டார்கள். இரவில் வீட்டில் சார்ஜ் போட்டால் காலையில் கார் தயார். பெட்ரோல் பங்க் பக்கம் போக வேண்டியதே இல்லை. ஆனால் பெருநாளைக்கு ஊருக்குப் போக வேண்டும், குடும்பத்தோடு ஒரு நிக்காஹ்வுக்குப் போக வேண்டும் என்று வந்துவிட்டால், அதே காரைப் பார்த்துத் தயங்குகிறார்கள். 'வழியில் சார்ஜர் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது?' என்ற கேள்விதான் காரணம்.

இந்தக் கேள்வி நியாயமானது. ஒரு பெட்ரோல் பங்கில் 'ஸ்டாக் இல்லை' என்று பலகை தொங்கினால் சில கிலோமீட்டரில் இன்னொரு பங்க் வந்துவிடும். சார்ஜிங் ஸ்டேஷன் நிலைமை அப்படியல்ல. இரவு நேரத்தில், வயதான பெற்றோரும் குழந்தைகளும் காரில் இருக்க, பேட்டரியில் 6 சதவீதம் மிச்சமிருக்கும்போது சார்ஜரின் திரை இருண்டு கிடந்தால், அதைச் சிறிய தொல்லை என்று சொல்லிவிட முடியாது.

வரைபடத்தில் ஒரு புள்ளி இருப்பது வேறு. அங்கே போனால் கார் சார்ஜ் ஆவது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் புறப்படும் முன்பே ஓரளவு அளந்துகொள்ள முடியும். அதற்கான வழிமுறைகளைத் தமிழ்நாட்டுச் சாலைகளை முன்வைத்துப் பார்ப்போம்.

முதலில் நம் காரைத் தெரிந்துகொள்வோம்

சார்ஜிங் ஸ்டேஷனைத் தேடும் முன் நம் காரைப் பற்றி மூன்று விவரங்கள் கையில் இருக்க வேண்டும்.

முதலாவது, சார்ஜிங் கன் வகை. இந்தியாவில் இன்று விற்கப்படும் பெரும்பாலான மின்சார கார்களில் வேகமான டிசி சார்ஜிங்கிற்கு சிசிஎஸ்-2 வகையும், மெதுவான ஏசி சார்ஜிங்கிற்கு டைப்-2 வகையும் பயன்படுகின்றன. ஆரம்ப காலத்தில் அரசு அலுவலகங்களுக்கும் வாடகை ஓட்டத்திற்கும் வந்த சில கார்கள் பாரத் டிசி-001 என்ற பழைய வகையில் சார்ஜ் ஆனவை. அதற்காக வைக்கப்பட்ட 15 கிலோவாட் சார்ஜர்கள் சில இடங்களில் இன்றும் நிற்கின்றன. வரைபடத்தில் அவையும் 'டிசி சார்ஜர்' என்று தோன்றக்கூடும். சிசிஎஸ்-2 காருக்கு அவற்றால் பயனில்லை. எம்ஜி காமெட் போன்ற சிறிய காரில் டிசி சார்ஜிங் வசதியே கிடையாது என்பதையும் கவனிக்க வேண்டும். அத்தகைய காருக்கு நெடுஞ்சாலையில் உள்ள வேக சார்ஜர்கள் உதவாது.

இரண்டாவது, கார் அதிகபட்சம் எத்தனை கிலோவாட் வரை ஏற்கும் என்பது. 120 கிலோவாட் சார்ஜரில் போட்டாலும், 50 கிலோவாட் மட்டுமே ஏற்கும் கார் அதற்கு மேல் வாங்காது. மறுபுறம், 60 கிலோவாட் சார்ஜரில் இரண்டு கன்கள் இருந்து, இரண்டிலும் கார் நின்றால் பெரும்பாலும் 30, 30 எனப் பிரிந்துவிடும். ஆகவே பலகையில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் வைத்து நேரத்தைக் கணக்கிடக் கூடாது.

மூன்றாவது, ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பது. பேட்டரியின் அளவாகச் சொல்லப்படும் கிலோவாட் மணி என்பது நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். விளம்பரத்தில் வரும் ரேஞ்ச், சோதனைச் சூழலில் எடுக்கப்பட்டது. நடுத்தர அளவு கார் ஒன்று நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில், குளிர்சாதனத்தோடு, யூனிட்டுக்கு 6 முதல் 7 கி.மீ. வரை ஓடும் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. வேகம் கூடக்கூட காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்திற்கு ஏற்ப ஏறுகிறது. எனவே அடுத்த சார்ஜரை எட்டுவோமா என்ற சந்தேகம் வந்தால், முதலில் வேகத்தைக் குறைக்க வேண்டும். குளிர்சாதனத்தை நிறுத்துவதைவிட அதில்தான் அதிகம் மிச்சமாகும்.

ஓர் எளிய கணக்கு

40 யூனிட் பேட்டரியை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்து 100 சதவீதத்தில் புறப்பட்டு 20 சதவீதத்தில் நிறுத்தினால் 32 யூனிட் செலவாகியிருக்கும். யூனிட்டுக்கு ஆறரை கி.மீ. என்றால் சுமார் 200 கி.மீ. வந்திருப்போம்.

வழியில் சார்ஜ் போடும்போது 80 சதவீதம் வரை வேகமாக ஏறும். அதற்கு மேல் பேட்டரியைப் பாதுகாக்க கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசி 20 சதவீதத்திற்காகக் காத்திருக்கும் நேரம் சில கார்களில் முந்தைய 60 சதவீதத்திற்கு ஆன நேரத்தை நெருங்கிவிடும். எனவே வழியில் 20-லிருந்து 80 வரை என்பதே சிக்கனமான முறை. அது 24 யூனிட். சுமார் 150 கி.மீ. ஓட்டத்திற்குப் போதும்.

அந்த 24 யூனிட் ஏற எவ்வளவு நேரம்? 50 கிலோவாட் கிடைத்தால் 35 முதல் 40 நிமிடம். 30 கிலோவாட் என்றால் 50 நிமிடம். 7.2 கிலோவாட் ஏசி சார்ஜரில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் 8 மணி நேரம். வேக சார்ஜர் ஒன்று பழுதாகி, அருகில் ஏசி சார்ஜர் மட்டும் இருந்தால் நம் பயணம் அரை நாள் தள்ளிப்போகும் என்பது இந்தக் கணக்கிலிருந்து தெரியும்.

ஏன் இந்த நம்பகமின்மை?

இந்தியாவில் சார்ஜிங் ஸ்டேஷன் வைக்க மின்சார உரிமம் தேவையில்லை. கார்களுக்கு சார்ஜ் செய்து கொடுப்பது மின்சார விற்பனை ஆகாது, அது ஒரு சேவை என்று மத்திய மின்துறை 2018 ஏப்ரலில் தெளிவுபடுத்தியது. அதனால் ஹோட்டல்காரர், கார் ஷோரூம், பெட்ரோலிய நிறுவனம், தனியார் சார்ஜிங் நிறுவனம் என யார் வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. சார்ஜர்கள் விரைவாகப் பெருகியதற்கு இது உதவியது. அதே சமயம் பராமரிப்பு ஆளுக்கு ஒரு விதமாக இருப்பதற்கும் இதுவே காரணம். இடம் ஹோட்டலுடையது, இயந்திரம் ஒரு நிறுவனத்துடையது, செயலி இன்னொரு நிறுவனத்துடையது, மின் இணைப்பு மின்வாரியத்துடையது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் சார்ஜர் நின்றுவிடும். ஹோட்டல் கை மாறினால் கேட்பாரற்றுப் போவதும் உண்டு.

அரசும் கணிசமாகச் செலவிடுகிறது. 2023 மார்ச்சில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 7,432 வேக சார்ஜிங் ஸ்டேஷன்கள் அமைக்க 800 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2024 அக்டோபரில் தொடங்கிய பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் வசதிக்கென 2,000 கோடி ரூபாய் வைக்கப்பட்டுள்ளது. இவையெல்லாம் எத்தனை இடங்களில் சார்ஜர் நிற்கும் என்பதைச் சொல்லும் கணக்குகள். நாம் போய் நிற்கும் நேரத்தில் அது வேலை செய்யுமா என்பது பயணிக்குத் தேவையான வேறொரு கணக்கு.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. அமெரிக்காவில், மின்சார கார்கள் மிகுந்த சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 181 பொது ஸ்டேஷன்களில் இருந்த 657 வேக சார்ஜிங் கன்களை ஆய்வாளர்கள் நேரில் போய்ச் சோதித்தார்கள். 2022-ல் வெளியான அந்த ஆய்வின்படி 72.5 சதவீதம் மட்டுமே வேலை செய்யும் நிலையில் இருந்தன. ஏறக்குறைய நான்கில் ஒன்று பழுது. பிரிட்டன் அரசு இதற்கென 2023-ல் விதிமுறைகள் கொண்டுவந்து, 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வேக சார்ஜர்களை நடத்தும் நிறுவனங்கள் ஆண்டுச் சராசரியாக 99 சதவீத நேரம் அவற்றை இயங்கும் நிலையில் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. வளர்ந்த நாடுகளிலேயே சட்டம் போட வேண்டிய நிலை என்றால், நாம் விசாரிக்காமல் புறப்படுவது சரியாகாது.

எங்கே தேடுவது?

ஒரே செயலியில் எல்லா ஸ்டேஷன்களும் கிடைப்பதில்லை. குறைந்தது மூன்று வகை மூலங்களை ஒப்பிட வேண்டும்.

ஒன்று, பயணிகளே தகவல் பதியும் செயலி. பிளக்‌ஷேர் இதில் முக்கியமானது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யார் எந்தத் தேதியில் எந்தக் காரில் சார்ஜ் செய்தார்கள், வெற்றியா தோல்வியா என்பதைப் பயணிகள் எழுதிவைத்திருப்பார்கள்.

இரண்டு, சார்ஜிங் நிறுவனங்களின் சொந்தச் செயலிகள். டாடா பவர் ஈஇசட் சார்ஜ், கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜியான், ஸ்டாட்டிக், சார்ஜ்ஜோன், ஜியோ-பிபி பல்ஸ் போன்றவை தமிழ்நாட்டில் பலரும் பயன்படுத்துபவை. பெட்ரோலிய நிறுவனங்களும் தங்கள் பங்குகளில் சார்ஜர் வைத்துள்ளன. சென்னை-திருச்சி-மதுரை நெடுஞ்சாலையில் 2022-ல் பாரத் பெட்ரோலியம் தன் பங்குகளில் வேக சார்ஜர்களைத் திறந்தது. இந்தச் செயலிகளில் கன் காலியாக உள்ளதா, யாராவது பயன்படுத்துகிறார்களா, இணைப்பு இல்லாமல் உள்ளதா என்ற அப்போதைய நிலை தெரியும்.

மூன்று, பொது வரைபடங்கள். கூகுள் மேப்ஸில் கன் வகையைத் தேர்ந்து தேடலாம். எரிசக்தித் திறன் பணியகம் 2022 டிசம்பரில் தொடங்கிய ஈவி யாத்ரா தளத்திலும் ஸ்டேஷன்கள் தொகுக்கப்பட்டுள்ளன. இவை எங்கெங்கே புள்ளிகள் உள்ளன என்று அறிய உதவும். வேலை செய்கிறதா என்பதற்கு இவற்றை மட்டும் சான்றாகக் கொள்ளக் கூடாது.

தகவலை எடைபோடும் முறை

ஒரு செய்தி வந்தால் அதைச் சொன்னவர் யார், அவர் நேரில் கண்டாரா, எப்போது கண்டார் என்று விசாரிப்பது நமக்குப் பழக்கமான முறைதான். சார்ஜிங் ஸ்டேஷன் விஷயத்திலும் அதுவே பொருந்தும். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கீழ்க்கண்ட கேள்விகளைக் கேட்க வேண்டும்.

கடைசியாக எப்போது ஒருவர் வெற்றிகரமாக சார்ஜ் செய்தார்? பத்து நாட்களுக்குள் என்றால் நல்ல அறிகுறி. ஆறு மாதத்திற்கு முன்பு எழுதிய பாராட்டால் இன்றைக்குப் பயனில்லை.

நம்மைப் போன்ற காரா? ஒரு சார்ஜர் ஒரு நிறுவனக் காருடன் சரியாகப் பேசி, இன்னொரு காரில் பாதியில் நின்றுவிடுவது உண்டு. நம் மாடல் கார்க்காரர் எழுதியிருந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

எத்தனை கிலோவாட் கிடைத்தது? 'வேலை செய்கிறது' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. 60 கிலோவாட் சார்ஜரில் 15 கிலோவாட்தான் வந்தது என்று சிலர் குறிப்பிட்டிருப்பார்கள். மின்னழுத்தம் குறைவான இடங்களிலும் கோடை வெயிலிலும் இப்படி நடப்பதுண்டு.

நட்சத்திரம் எதற்குக் கிடைத்தது? ஹோட்டல் வளாகத்தில் உள்ள சார்ஜருக்கு நாலரை நட்சத்திரம் இருக்கும். உள்ளே போய்ப் படித்தால் எல்லாம் பிரியாணிக்குக் கிடைத்ததாக இருக்கும்.

எத்தனை கன்கள்? ஒரே கன் உள்ள இடத்தில், அது நல்ல நிலையில் இருந்தாலும் முன்னால் ஒரு கார் நின்றால் முக்கால் மணி நேரம் காத்திருப்பு உறுதி.

எந்நேரமும் திறந்திருக்குமா? ஷோரூம் வளாகச் சார்ஜர்கள் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையும் பூட்டிய கேட்டுக்குப் பின்னால் இருக்கக்கூடும். சில இடங்களில் தங்கள் நிறுவனக் கார்களுக்கே முன்னுரிமை தருவார்கள். வாடகை கார் டிப்போ, அடுக்குமாடிக் குடியிருப்பு ஆகியவற்றின் சார்ஜர்களும், ஸ்கூட்டர் சார்ஜர்களும் வரைபடத்தில் கலந்து கிடக்கும். புகைப்படத்தைப் பார்த்தால் பெரும்பாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் உறுதி இல்லையென்றால் ஒரு போன் போட வேண்டும். நிறுவனத்தின் உதவி எண்ணைவிட, அந்த ஹோட்டல் அல்லது பங்க் ஊழியரிடம் பேசுவது பல சமயம் பயன் தரும். 'சார்ஜர் இருக்கிறதா?' என்று கேட்டால் 'இருக்கிறது' என்று சொல்லிவிடுவார்கள். 'இன்று காலை ஏதாவது கார் சார்ஜ் ஆனதா?' என்று கேட்க வேண்டும். அப்போதுதான் உண்மை நிலை தெரியும்.

இரண்டாவது ஸ்டேஷன் இல்லாமல் திட்டம் இல்லை

மேலே சொன்ன அமெரிக்க ஆய்வின் கணக்கை வைத்தே பார்ப்போம். ஒரு கன் பழுதாக இருக்க நூறில் 27 அல்லது 28 வாய்ப்பு. இரண்டு கன்களும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்றால், இரண்டுமே பழுதாக இருக்க நூறில் 7 அல்லது 8 வாய்ப்புதான். ஆனால் ஒரே வளாகத்தில் உள்ள இரண்டு கன்கள் தொடர்பற்றவை அல்ல. பவர் கட் ஆனால் இரண்டும் நிற்கும். நெட்வொர்க் போனால் இரண்டும் போகும். ஆகவே மாற்று ஏற்பாடு என்பது வேறு இடத்தில், முடிந்தால் வேறு நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விதி கிடைக்கிறது. 'எப்போதும் 20 சதவீதம் மிச்சம் வை' என்று பொதுவாகச் சொல்வார்கள். மிச்சம் எவ்வளவு வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தப் பொதுக் கணக்கு அல்ல. முதல் ஸ்டேஷனிலிருந்து இரண்டாவது ஸ்டேஷன் வரை உள்ள தூரம்தான். இரண்டாவது 10 கி.மீ. தொலைவில் என்றால் 12 சதவீதத்தில் போய்ச் சேர்ந்தாலும் பயமில்லை. 60 கி.மீ. தொலைவில் என்றால் 20 சதவீதம்கூடப் போதாது. 40 யூனிட் பேட்டரியில் 20 சதவீதம் என்பது 8 யூனிட், அதாவது 50 கி.மீ. அளவுதான். அப்படிப்பட்ட இடத்தில் அதற்கு முந்தைய ஸ்டேஷனிலேயே சார்ஜ் போட்டுவிட வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு: சென்னையிலிருந்து காயல்பட்டினம்

திருச்சி, மதுரை, தூத்துக்குடி வழியாக இது சுமார் 635 கி.மீ. நம் 40 யூனிட் காரில் இதை எப்படிப் பிரிப்பது?

முதல் 200 கி.மீ. முடிவில் உளுந்தூர்பேட்டை வட்டாரம். இங்கே முதல் நிறுத்தம். மாற்று ஏற்பாடாக, சுமார் 40 கி.மீ. முன்னதாகவே வரும் விழுப்புரம் பகுதியையும் குறித்துக்கொள்ள வேண்டும். விழுப்புரத்தில் நிற்கும்போதே உளுந்தூர்பேட்டை ஸ்டேஷனின் நிலையைச் செயலியில் பார்த்து, 'இணைப்பு இல்லை' என்று காட்டினால் அங்கேயே போட்டுவிடலாம்.

அடுத்த நிறுத்தம் திருச்சி. நகரத்தைச் சுற்றி வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்டேஷன்கள் இருப்பதால் மாற்று கிடைப்பது எளிது. மதிய உணவும் லுஹர் தொழுகையும் முடிவதற்குள் 80 சதவீதம் வந்துவிடும். மூன்றாவது நிறுத்தம் மதுரை.

கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான். மதுரையிலிருந்து காயல்பட்டினம் சுமார் 175 கி.மீ. 80 சதவீதத்தில் புறப்பட்டால் போய்ச் சேரும்போது 13 சதவீத அளவில்தான் நிற்கும். எதிர்க்காற்றோ மழையோ இருந்தால் இன்னும் குறையும். இரண்டு வழிகள் உள்ளன. பொறுமையாக மதுரையில் 95 வரை போட்டுக்கொள்வது ஒன்று. தூத்துக்குடியில் 15 நிமிடம் நின்று கொஞ்சம் ஏற்றிக்கொள்வது இன்னொன்று. இரண்டாவது வழியை நம்பினால், தூத்துக்குடியில் குறைந்தது இரண்டு ஸ்டேஷன்களை மதுரையிலேயே சரிபார்த்துவிட வேண்டும். நீண்ட பயணங்களில் நடுவழியைவிடக் கடைசிப் பகுதியில்தான் சிக்கல் அதிகம். ஊருக்கு அருகில் வந்துவிட்டோம் என்ற நினைப்பில் கவனம் குறைகிறது. சார்ஜர்களும் அங்கேதான் குறைகின்றன.

கடற்கரைச் சாலையும் மலைப்பாதையும்

நான்குவழிச் சாலையில் கிடைக்கும் வசதியைக் கிழக்குக் கடற்கரைச் சாலை முழுவதும் எதிர்பார்க்க முடியாது. சென்னையிலிருந்து புதுச்சேரி, கடலூர் வரை பிரச்சினை அதிகமில்லை. நாகப்பட்டினம் தாண்டி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி, இராமநாதபுரம், கீழக்கரை என்று போகும்போது வேக சார்ஜர்களுக்கு இடையே தூரம் கூடுகிறது. இந்தப் பகுதி ஊர்களுக்குப் போகிறவர்கள் தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் போன்ற மாவட்டத் தலைநகரங்களில் நிறைவாகப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு இறங்குவது நல்லது. திரும்பும் பயணத்திற்கான சார்ஜையும் அப்போதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

மலைப்பாதையில் தூரத்தைவிட உயரமே முக்கியம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு சுமார் 1,900 மீட்டர் ஏற்றம். ஆட்களோடு சேர்த்து 1,750 கிலோ எடையுள்ள காரை அந்த உயரத்திற்குத் தூக்க மட்டும் 9 யூனிட்டுக்கு மேல் செலவாகும். சாலையில் ஓடுவதற்கான செலவு தனி. எனவே 50 கி.மீ. தூரம்தானே என்று 30 சதவீதத்தோடு ஏறக் கூடாது. இறங்கும்போது பிரேக் மூலம் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்பும். ஆனால் உச்சியிலேயே 100 சதவீதம் போட்டுக்கொண்டால் திரும்பும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடமிருக்காது.

சார்ஜர் முன்னால் நின்று வேலை செய்யாவிட்டால்

பயந்துவிடத் தேவையில்லை. வரிசையாகச் சிலவற்றைப் பார்க்கலாம்.

திரை இருண்டிருந்தால் மின்சாரம் இருக்கிறதா என்று கடையில் கேட்க வேண்டும். ஜெனரேட்டரில் கடை விளக்கு எரியலாம். சார்ஜருக்கு அந்த இணைப்பு இருக்காது. சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தானை யாரேனும் அழுத்திவிட்டுப் போயிருந்தாலும் சார்ஜர் இயங்காது. ஏன் அழுத்தினார்கள் என்று ஊழியரிடம் கேட்டு, ஆபத்து ஏதுமில்லை என்று உறுதியான பிறகு அவரையே விடுவிக்கச் சொல்ல வேண்டும்.

செயலியில் தொடங்கவில்லை என்றால் சார்ஜரில் ஒட்டியிருக்கும் உதவி எண்ணை அழைக்கலாம். பல நிறுவனங்கள் தங்கள் அலுவலகத்திலிருந்தே இயந்திரத்தை மறுதொடக்கம் செய்து, சார்ஜையும் தொடங்கி வைப்பார்கள். கன்னைக் கழற்றி, காரைப் பூட்டித் திறந்து, மீண்டும் அழுத்தமாகச் செருகினால் சரியாகும் சந்தர்ப்பங்களும் உண்டு. கன் காரில் மாட்டிக்கொண்டால் பலவந்தமாக இழுக்கக் கூடாது. காரைத் திறந்தால் பூட்டு விடுபடும். அப்படியும் வராவிட்டால் பல கார்களில் கையால் விடுவிக்கும் வசதி உண்டு. அது எங்கே உள்ளது என்பதைக் காருடன் வந்த கையேட்டில் முன்பே பார்த்து வைக்க வேண்டும்.

கேபிள் கிழிந்திருந்தாலோ, கன் முனையில் கருகல் தெரிந்தாலோ, சார்ஜரின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தாலோ தொடவே வேண்டாம். அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடுவதே நல்லது.

பணம் செலுத்துவதிலும் முன்னேற்பாடு தேவை. பல செயலிகளில் வாலெட்டில் பணம் போட்டால்தான் சார்ஜ் தொடங்கும். நெட்வொர்க் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு புதிய செயலியை இறக்கி, ஓடிபி வாங்கி, காரைப் பதிவு செய்வது பெரும் பாடு. வீட்டிலேயே நான்கைந்து செயலிகளை நிறுவி, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு தொகை வைத்துவிட வேண்டும். கட்டணம் நிறுவனத்திற்கும் நேரத்திற்கும் ஏற்ப மாறும். காட்டும் விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேருமா, அதற்குள் அடங்கியதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

சொந்தக்காரர் வீட்டு பிளக்

நம்பகமான சார்ஜர் பல சமயம் நாம் தங்கும் வீட்டிலேயே இருக்கிறது. ஏசி இயந்திரத்திற்குப் போடும் 15 ஆம்பியர் பிளக்கில், காருடன் வந்த சார்ஜரைச் செருகி இரவு 9 மணி நேரம் விட்டால் 25 யூனிட்டுக்கு மேல் ஏறும், 160 கி.மீ. ஓடலாம். ஆனால் பழைய வீடுகளில் எர்த்திங் சரியாக இருக்காது. எர்த் இல்லாத பிளக்கில் காரின் சார்ஜர் தொடங்காமல் பிழை காட்டும். அது நம் பாதுகாப்புக்கானது. எர்த்தை ஏமாற்றும் குறுக்கு வழிகளைச் சிலர் சொல்லித் தருவார்கள். அவை உயிருக்கே ஆபத்து, செய்யவே கூடாது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரும் சூடாகித் தீப்பிடிக்கக்கூடும். அடிக்கடி போகும் வீடு என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு நல்ல பிளக் போட்டுக் கொடுப்பது நமக்கும் அவர்களுக்கும் நன்மை.

கேட்காமல் பிளக் போடுவதும், பயன்படுத்திய யூனிட்டுக்குப் பணம் தராமல் வருவதும் கூடாது. உறவினர் மறுத்தாலும் கொடுக்க முன்வர வேண்டும். பள்ளிவாசல், மண்டபம் போன்ற இடங்களில் இது இன்னும் கவனிக்க வேண்டியது. அங்கே ஓடும் மீட்டர் பொதுச் சொத்தின் மீட்டர். நிர்வாகத்தின் அனுமதியும் அதற்குரிய தொகையும் இல்லாமல் காரைச் செருகுவது முறையல்ல.

வரிசையில் நிற்கும் ஒழுங்கும் இதோடு சேர்ந்தது. பின்னால் கார் காத்திருந்தால் 80 சதவீதத்தில் எடுத்துவிட வேண்டும். சாப்பிடப் போனால் கண்ணாடியில் போன் எண்ணை வைத்துவிட்டுப் போக வேண்டும். நாம் சார்ஜ் செய்து முடித்ததும் பிளக்‌ஷேரில் இரண்டு வரி எழுத வேண்டும்: தேதி, கார், கிடைத்த கிலோவாட். பழுது என்றால் அதையும் எழுத வேண்டும். நாம் பிறர் எழுதியதை நம்பித்தான் வந்தோம். நமக்குப் பின்னால் வருபவர் நாம் எழுதுவதை நம்பித்தான் வருவார்.

திட்டமிட நேரமில்லாத பயணம்

இதுவரை சொன்னதெல்லாம் முன்கூட்டியே தெரிந்த பயணங்களுக்கு. இரவில் போன் வந்து, ஊரில் நெருங்கிய ஒருவர் மௌத்தாகிவிட்டார், காலையில் ஜனாஸா என்றால்? அப்போது யாரும் பொறுமையாகச் செயலிகளை ஒப்பிட மாட்டார்கள். உண்மையான சோதனை அந்த இரவில்தான்.

அதற்கு இன்றே செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, அன்றாடம் கார் 50 சதவீதத்திற்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது. 40 யூனிட் காரில் அதுவே முதல் 100 கி.மீ.க்குப் போதும், சென்னையைத் தாண்டி நெடுஞ்சாலையின் முதல் வேக சார்ஜரை அடைந்துவிடலாம். இரண்டாவது, சொந்த ஊர்ப் பாதைக்கு ஒரு தாளில் பட்டியல் எழுதி காரில் வைத்துவிடுவது. ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் முதல் ஸ்டேஷன், மாற்று ஸ்டேஷன், இடையே உள்ள தூரம், இரவில் திறந்திருக்குமா, அங்குள்ள தொலைபேசி எண் ஆகியவை அதில் இருக்க வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அதைச் சரிபார்த்துத் திருத்த வேண்டும். மூன்றாவது, கார் நிறுவனத்தின் சாலை உதவி எண்ணையும், தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-ஐயும் குடும்பத்தார் எல்லோருடைய போனிலும் பதிந்து வைப்பது. கார் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க விடக் கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டாருக்குச் சேதம் வரலாம். மேலே ஏற்றிச் செல்லும் வண்டியைத்தான் கேட்க வேண்டும்.

பட்டியல் இல்லை, நேரமும் இல்லை என்றால் அந்த ஒரு பயணத்திற்கு வாடகை காரிலோ ரயிலிலோ போய்விடுவதில் தவறில்லை. மின்சார கார் வைத்திருக்கிறோம் என்பதற்காக எல்லாப் பயணத்தையும் அதிலேயே செய்ய வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை.

சார்ஜர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடிவருகிறது. இன்று இரண்டாவது ஸ்டேஷன் இல்லாத பாதையில் நாளை நான்கு இருக்கலாம். அதுவரை, ஊருக்குப் போகும் பாதையின் பட்டியலை இந்த வாரமே உட்கார்ந்து எழுதிவிடுவது நல்லது. ஒரு மணி நேர வேலைதான்.